ஆங்கிலத்தின் எழுத்தில்லா உயிர்

ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிர் எது என்று கேட்டால், ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்தில் ஏதேனும் ஒன்றைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். அந்த இடத்தைப் பிடித்திருப்பதோ தனக்கென ஓர் எழுத்துகூட இல்லாத ஒரு சிற்றொலி. ஒலியியலாளர்கள் அதை ஷ்வா என்று அழைக்கிறார்கள். எபிரேய இலக்கணத்தில் ஒரு குறிக்கு வழங்கிய பெயரை 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மொழியியலாளர்கள் எடுத்து இதற்குச் சூட்டினார்கள். அகராதிகளில் உச்சரிப்பைக் காட்டும் சாய்கோடுகளுக்கு நடுவே, சிறிய ஈ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தது போன்ற ஒரு குறி தென்படுமே, அது இந்த ஒலிக்கு உரியது. பிரித்தானிய ஆங்கிலப் பேச்சில் ஒலிகளை எண்ணிப் பார்த்த கணக்குகளில், மெய்களையும் சேர்த்த மொத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒற்றை உயிருக்கே போய்விடுகிறது.

அகராதியில் அந்தக் கவிழ்ந்த குறியை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்ட பிறகு, திறக்கும் பக்கமெல்லாம் அதுவே கண்ணில் படத் தொடங்கியது. அன்றிலிருந்து இதை முறையாகப் பழக வேண்டும் என்று முயன்று வருகிறேன். பழகப் பழகத் தெளிவான ஒன்று உண்டு: இந்த ஒலியை வாயால் சொல்லக் கற்பதும், அது வரும் சொற்களைப் பிழையில்லாமல் எழுதக் கற்பதும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பயிற்சிகள். சொல்வதற்கு எழுத்தை மறக்க வேண்டும். எழுதுவதற்குக் காதை மறக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கற்க முற்படும்போதுதான் குழப்பமே தொடங்குகிறது. ஆகவே இங்கும் முதலில் ஒலிப்பையும், பிறகு எழுத்துக்கூட்டலையும் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

ஒலிப்பதற்கு இதைவிட எளிய உயிர் கிடையாது. தாடையைச் சற்றே தளர்த்தி, இதழ்களைக் குவிக்காமலும் பக்கவாட்டில் இழுக்காமலும் விட்டு, நாவை முன்னோ பின்னோ மேலோ கீழோ நகர்த்தாமல் வாயின் நடுவில் கிடக்கவிட்டு, குரலை மட்டும் ஒரு கணம் எழுப்பினால் வருவது ஷ்வா. நம்முடைய அகரத்தைச் சொல்லும்போது வாய் இதைவிட நன்றாகத் திறக்கிறது, நாவும் கீழே இறங்குகிறது. ஷ்வாவுக்கு அந்த வேலைகூட வேண்டாம். பிரித்தானியர் பேச்சின் நடுவில் அடுத்த சொல் கிடைக்காமல் தயங்கும்போது இழுக்கிறார்களே ஓர் ஒலி, அது பெரும்பாலும் இதன் நீட்சியே. வாய் சும்மா இருக்கும்போது குரல் மட்டும் வேலை செய்தால் என்ன கேட்குமோ அதுதான் இது.

ஒலி எளிது என்றாலும் அதை உரிய இடத்தில், உரிய அளவில் விட்டுவிடுவது எளிதாக இல்லை. மேலே என்று பொருள்படும் அபவ் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் எழுதும்போது அதில் இரண்டு அகரங்கள் வருகின்றன. நாமும் இரண்டையும் ஒரே அளவில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டாவது மட்டும்தான் நம் அகரத்தை ஒத்த முழு உயிர். முதலாவது ஷ்வா, காதில் விழுந்தும் விழாமலும் கடந்துபோக வேண்டியது. வேறொன்று என்னும் பொருளில் வரும் அனதர் என்ற சொல்லிலோ முதலிலும் கடைசியிலும் ஷ்வா, நடுவில் மட்டும் முழு உயிர். இந்த இரண்டு சொற்களையும் கைபேசியில் பதிவு செய்து கேட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி, ஏனெனில் பேசும்போது நம் காது நம்மை ஏமாற்றும், பதிவு ஏமாற்றாது. முழு உயிருக்கும் ஷ்வாவுக்கும் இடையே நீளத்திலும் உரப்பிலும் வேறுபாடு கேட்கவில்லையென்றால், அங்கே இன்னும் இரண்டு அகரங்கள்தான் இருக்கின்றன என்று பொருள்.

பனானா இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஆங்கில எழுத்தில் அதில் உள்ள மூன்று உயிர்களும் ஏ என்னும் ஒரே எழுத்துதான். பிரித்தானிய ஒலிப்பில் நடுவில் உள்ள ஏ நீண்ட ஆகாரமாக ஓங்கி நிற்க, இருபுறமும் உள்ளவை ஷ்வாவாக ஒடுங்குகின்றன. ஒரே எழுத்து, ஒரே சொல்லுக்குள் இப்படி இரண்டு வேடம் போடுவதைப் பார்த்த பிறகுதான், ஆங்கிலத்தில் உயிரெழுத்தைப் பார்த்து உயிரொலியை முடிவு செய்ய முடியாது என்பது மனத்தில் ஆழப் பதிந்தது.

தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்களே இந்த ஒலிக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதற்குச் சான்று. சோஃபா, கேமரா, சினிமா, ஐடியா, ஏரியா ஆகிய ஐந்தையும் நாம் நெடிலில் முடிக்கிறோம். ஆங்கிலத்தில் ஐந்தும் ஷ்வாவில் முடிபவை. பெட்ரோல் என்னும் சொல்லில் ஓகாரத்தை முழுதாக நீட்டுகிறோம். பிரித்தானியர் அதைப் பெட்ரல் என்பது போலச் சொல்லி முடித்துவிடுவர். வெஜிடேபிள் என்னும் சொல்லின் வாலில் மேசையைக் குறிக்கும் டேபிளைக் கண்டு அப்படியே படிக்கிறோம். அங்கே டேபிளும் இல்லை, ஏகாரமும் இல்லை. தமிழுக்குள் வந்துவிட்ட சொல்லைத் தமிழாக ஒலிப்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, சோஃபாவைச் சோஃபா என்றே சொல்லுவேன். அதே பழக்கத்தோடு ஆங்கில வாக்கியத்துக்குள் நுழையும்போதுதான் சிக்கல்.

இவற்றுள் ஒரு குழு தனியே நின்று கவனிக்கத் தக்கது. சாக்லேட், சர்டிஃபிகேட், அட்வகேட் என்று நாம் நீட்டிச் சொல்லும் சொற்கள் ஆங்கில எழுத்தில் ஏ-டி-ஈ என முடிகின்றன. பெயர்ச்சொற்களாக வரும்போது அந்த ஏ ஷ்வாவாகச் சுருங்கி, கடைசி அசை ஏறத்தாழ லட், கட் என்று மட்டுமே கேட்கும். ஆனால் அட்வகேட் என்பதை ஒன்றை ஆதரித்துப் பேசுதல் என்ற வினையாகப் பயன்படுத்தினால் நாம் சொல்லும் நீண்ட ஏகாரம் சரியாகிவிடுகிறது. செப்பரேட், எஸ்டிமேட், கிராஜுவேட், மாடரேட் போன்றவற்றுக்கும் இதே முறைதான்: வினையென்றால் ஏகாரம் நீளும், பெயரோ பெயரடையோ என்றால் ஷ்வாவாகச் சுருங்கும். எழுத்தில் இம்மியும் மாற்றம் இல்லை. இந்த ஒரு முறையைத் தெரிந்துகொண்டால் நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் ஒரே அடியில் சீராகிவிடும் என்பதால், ஷ்வாவைப் பழகத் தொடங்குகிறவர் இங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

உயிர் ஒன்று தன் அளவில் குறைந்து ஒலிப்பது தமிழுக்குப் புதிதும் இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, குற்றியலுகரத்திற்கு அரை என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. பசு, காசு ஆகிய இரண்டு சொற்களையும் கண்ணாடிக்கு முன் நின்று சொல்லிப் பாருங்கள். பசுவின் ஈற்றில் இதழ்கள் குவியும்; காசின் ஈற்றில் அவ்வாறு குவியாமல், உகரம் பாதியிலேயே நின்றுவிடும். எழுத்து இரண்டிலும் ஒரே சு. அதாவது, ஒடுங்கிய உயிருக்குத் தனி எழுத்துத் தராமல் முழு உயிரின் எழுத்தையே இரவல் கொடுக்கும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. மலையாளம் தன்னிடமுள்ள இதையொத்த ஒலிக்குச் சந்திரக்கலை என்னும் குறியை இட்டுக் காட்டுகிறது. நாம் இலக்கண விதியை மட்டும் வைத்துக்கொண்டு குறியில்லாமல் சமாளிக்கிறோம்.

குற்றியலுகரமும் ஷ்வாவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னதற்கு நா சற்று மேலே எழுந்து பின்வாங்கி நிற்கிறது. பின்னதற்கு நடுவில் கிடக்கிறது. முன்னது சொல்லின் ஈற்றில் வல்லின மெய்யின் மேல் ஏறி வரும். பின்னது சொல்லின் முதல், இடை, கடை என எங்கும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, உகரம் குறுகுமா குறுகாதா என்பதை அதன் முன்னால் நிற்கும் எழுத்துகளைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம். ஆங்கிலத்தில் உயிர் குறுகுவதை முடிவு செய்வது அழுத்தம். அந்த அழுத்தம் எழுத்தில் தெரியாது. ஆனாலும் காசு என்பதன் ஈற்றில் நம் வாய் தானாகச் செய்யும் அந்த விட்டுக்கொடுத்தலை உணர்ந்து கவனித்தவருக்கு, ஷ்வாவுக்குத் தேவையான தளர்ச்சி என்ன என்பது விளக்காமலே விளங்கும்.

ஆகவே ஷ்வாவைப் பழகுவது என்பது உண்மையில் அழுத்தத்தைப் பழகுவதே. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை ஓங்கி, நீண்டு, தெளிவாக ஒலிக்கும். மற்றவை அதற்கு வழிவிட்டு ஒடுங்கும். அகராதியில் அந்த ஓங்கிய அசைக்கு முன்னால், மேற்புறம் ஒரு சிறிய செங்குத்துக் கோடு இருக்கும். புதிய சொல்லைப் பார்க்கும்போது பொருளுக்கு முன் அந்தக் கோட்டைத் தேடும் பழக்கம் எனக்கு இப்போது வந்துவிட்டது. கோடு நகர்ந்தால் ஷ்வாவும் இடம் மாறும். ஃபோட்டோகிராஃப் என்னும் சொல்லில் அழுத்தம் முதலசையில் விழுவதால் இரண்டாவது ஓ ஷ்வாவாகிறது. அதன் பின்னால் ஒய் சேர்த்து ஃபோட்டோகிராஃபி என்றாக்கினால் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவுகிறது. உடனே இரண்டாவது ஓ விழித்துக்கொண்டு டா என்பதுபோல ஒலிக்க, முதல் ஓவும் கிராவில் இருந்த ஏயும் ஷ்வாவாகிவிடுகின்றன. ஏறத்தாழ ஃபடாக்ரஃபி. ஃபோட்டோகிராஃபிக் என்றாலோ அழுத்தம் மீண்டும் இடம்பெயர்ந்து கிரா மேல் உட்காரும். மூன்று சொல்லிலும் ஃபோட்டோ என்பதை ஃபோட்டோ என்றே சொல்வது நம் வழக்கம். கேட்பவருக்கு இரண்டாவது சொல்தான் அப்போது பிடிபடாமல் போகிறது.

அழுத்தம் எங்கே விழும் என்பதற்கு முழுமையான விதி இல்லையென்றாலும் சில பிடிமானங்கள் உண்டு. ஷன் என்று ஒலிக்கும் ஈறும், இக், இட்டி என்னும் ஈறுகளும் பெரும்பாலும் தமக்கு முந்திய அசையின் மேல் அழுத்தத்தை இழுத்துக்கொள்ளும். ஆப்ஜெக்ட், காண்டக்ட் போன்ற ஈரசைச் சொற்கள் பெயராக வரும்போது முதலசையிலும், வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் ஓங்கும். வினையாகும்போது முதலசையின் ஓ ஷ்வாவாகி அப்ஜெக்ட், கண்டக்ட் என்றாகும். மற்றவற்றைச் சொல்லுக்குச் சொல் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

சொற்களைத் தாண்டி வாக்கியத்துக்கு வந்தால் ஷ்வா இன்னும் பெருகுகிறது. டு, ஆஃப், ஃபார், ஃப்ரம், அண்ட், அட், கேன், வாஸ் போன்ற சிறு சொற்களுக்கு ஆங்கிலத்தில் வலிய வடிவம், மெலிந்த வடிவம் என இரண்டு உண்டு. வாக்கியத்தின் நடுவில் அழுத்தமின்றி வரும்போது இவை ஷ்வாவோடு மெலியும். வாக்கியத்தின் கடைசியில் நின்றாலோ, வேண்டுமென்றே வலியுறுத்தினாலோ முழு உயிரைப் பெறும். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கும் ஆங்கில வாக்கியத்தின் ஈற்றில் ஃப்ரம் முழுதாக ஒலிக்கும். இன்ன இடத்திலிருந்து என்று விடை சொல்லும்போது அதே சொல் நடுவில் மாட்டிக்கொண்டு மெலிந்துவிடும். நான்கைக் குறிக்கும் சொல்லையும் ஃபார் என்னும் முன்னிடைச்சொல்லையும் தனித்தனியே சொன்னால் வேறுபாடு இல்லை. வாக்கியத்துள் வந்தால், முன்னது முழுதாக நிற்க, பின்னது ஃப என்ற அளவுக்குத் தேய்ந்துவிடும்.

இதில் பொருளே புரண்டுவிடும் ஓரிடம் கேன் என்னும் சொல். அமெரிக்கப் பேச்சில் முடியும் என்பதும் முடியாது என்பதும் பெரும்பாலும் உயிரைக் கொண்டே பிரித்துணரப்படுகின்றன, ஏனெனில் எதிர்மறையின் ஈற்றில் உள்ள டகரம் அங்கே வெடித்து ஒலிப்பதில்லை. உடன்பாடு என்றால் கன் என்று ஷ்வாவோடு வேகமாகக் கடந்துபோகும். எதிர்மறை என்றால் கேன் என்று முழு உயிரோடு நிற்கும். நாம் தெளிவாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு உடன்பாட்டிலும் கேன் என்று அழுத்திச் சொன்னால், நாளை வர முடியும் என்றது வர முடியாது என்று கேட்பவர் காதில் விழக்கூடும். தொலைபேசியில் இந்த வாய்ப்பு இன்னும் அதிகம். ஷ்வாவைப் பழகுவது வெறும் ஒய்யாரம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

அதற்காக எல்லா அசைகளையும் சுருக்கி, இங்கிலாந்தில் பிறந்தவர் போலப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உயிர்களை அவ்வளவாக ஒடுக்காமல் பேசும் ஆங்கில வகைகள் உலகில் பல உண்டு, இந்திய ஆங்கிலமும் அவற்றுள் ஒன்று. அவ்வாறு பேசுபவர்கள் ஒருவருக்கொருவர் நன்றாகவே விளங்கிக்கொள்கிறார்கள். அழுத்தம் தவறான அசையில் விழுந்து சொல் அடையாளம் தெரியாமல் போகும் இடங்களிலும், வேகமாகப் பேசும் பிறரைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய இடங்களிலும்தான் ஷ்வா இன்றியமையாததாகிறது. எனக்கு இதனால் கிடைத்த பெரிய பயன் பேச்சைவிடக் கேட்பதில்தான். விழுங்கிவிட்டார்கள் என்று நான் நினைத்த அசைகள் எல்லாம் அங்கேயே, ஷ்வாவாக, இருந்தன.

இனி எழுத்துக்கூட்டல். ஏ, ஈ, ஐ, ஓ, யூ, ஒய் என ஆறு எழுத்துகளுமே ஷ்வாவைக் குறிக்க வரும். அபவுட் என்பதில் ஏ, ப்ராப்ளம் என்பதில் ஈ, ஃபேமிலி என்பதில் ஐ, காமன் என்பதில் இரண்டாவது ஓ, சப்போர்ட் என்பதில் யூ, அனாலிசிஸ் என்பதில் ஒய். இவை போதாவென்று ஃபேமஸ் என்பதில் ஓ-யூ சேர்ந்தும், ஓஷன் என்பதில் ஈ-ஏ சேர்ந்தும் வரும். ஆர் ஒலிக்காத பிரித்தானிய ஒலிப்பில் டீச்சர், டாக்டர், கிராமர், சென்டர், கலர், பிக்சர் ஆகிய ஆறும் ஒரே ஷ்வாவில் முடிகின்றன. எழுத்திலோ முறையே ஈ-ஆர், ஓ-ஆர், ஏ-ஆர், ஆர்-ஈ, ஓ-யூ-ஆர், யூ-ஆர்-ஈ. முழுமையான என்று பொருள்படும் தரோ என்னும் சொல்லின் கடைசியில் ஓ-யூ-ஜி-எச் என நான்கு எழுத்துகள் வரிசையில் நின்று, பிரித்தானியர் வாயில் ஒரே ஒரு ஷ்வாவைத் தருகின்றன. நான்கு பேர் சுமக்கும் பல்லக்கில் யாருமே இல்லாதது போல.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் சொல்லின் ஈற்றசைகளில் ஆ, உ, எ எனப் பல உயிர்கள் தெளிவாக ஒலித்தன. பெயர் என்று பொருள்படும் நேம் என்னும் சொல் அன்று நாமா என்பதுபோல முடிந்தது. அழுத்தம் பகுதியிலேயே நிலைத்துவிட்டதால் ஈறுகள் நாளடைவில் வலுவிழந்து, இடைக்கால ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே மங்கலான உயிராகக் கலந்தன. அதை ஈ எழுத்தால் எழுதினார்கள். பிறகு அந்த ஒலியும் உதிர்ந்தது, எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகியது. பேச்சு அதற்காகக் காத்திருக்கவில்லை. பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்த சொற்கள் தம் பழைய எழுத்துகளோடே வந்து, ஆங்கில அழுத்தத்தில் அகப்பட்டு ஒலியை மட்டும் இழந்தன. நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அமெரிக்க அகராதியில் கலர் என்பதிலிருந்து யூவை நீக்கி, சென்டர் என்பதை ஈ-ஆர் என முடித்தது போன்ற சீர்திருத்தங்கள், இந்தக் கடலில் கைப்பிடி நீர்தான்.

எழுதும்போது காது உதவாது என்பதை ஒப்புக்கொண்டதும் நான் கைக்கொண்ட முறை, ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு உச்சரிப்பு வைத்துக்கொள்வது. ஒன்று வாய்க்கு, மற்றொன்று கைக்கு. கைக்கு உரியதில் ஷ்வா என்பதே கிடையாது, ஒவ்வொரு எழுத்தும் தன் முழு ஒலியோடு மனத்துக்குள் ஒலிக்கும். காலண்டர் என்னும் சொல்லை எழுதும்போது உள்ளுக்குள் கா-லென்-டார் என்று சொல்லிக்கொண்டால் கடைசியில் ஏ-ஆர் தானாக விழும். நாம் பிழை என்று வெட்கப்படும் அந்த எழுத்தெழுத்தாகப் படிக்கும் பழக்கம், இங்கே நமக்குச் சாதகமாக நிற்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் கிராமர் என்பதை ஈ-ஆர் போட்டும், செப்பரேட் என்பதன் நடுவில் ஏவுக்குப் பதில் ஈ போட்டும், டெஃபினிட் என்பதன் கடைசியில் ஏ-டி-ஈ போட்டும் எழுதுவது மிகப் பரவலான பிழை. அவர்கள் காதுக்கு அந்த எழுத்துகள் கேட்பதே இல்லை. நமக்கு முதலில் கண்ணில் பட்டுப் பிறகே காதில் விழுந்த சொற்கள் இவை என்பதால், அந்த வகைப் பிழையில் நாம் அவ்வளவாகச் சிக்குவதில்லை. எனவே ஷ்வாவைக் கற்கும் ஆர்வத்தில் பழைய உச்சரிப்பை அடியோடு தூக்கி எறிந்துவிடக் கூடாது; அது எழுத்துக்கூட்டலுக்கான இருப்பு.

அந்த இருப்பில் இல்லாத சொற்களுக்கு உறவுச் சொற்களைத் தேடிப் போகலாம். அழுத்தம் இடம் மாறினால் ஷ்வா முழு உயிராகும் என்று மேலே பார்த்தோமே, அதையே திருப்பிப் பயன்படுத்தும் முறை இது. கிராமர் என்பதன் ஈற்றில் எந்த எழுத்து என்ற ஐயம் வந்தால் கிரமாட்டிகல் என்பதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அங்கே அழுத்தம் அந்த அசையிலேயே விழுவதால் ஏ வெளிப்படையாகக் கேட்கும். டெஃபினிட் என்பதற்கு டெஃபினிஷன் ஐயைக் காட்டிக்கொடுக்கும். ஆதர் என்பதற்கு அதாரிட்டி, மேஜர் என்பதற்கு மெஜாரிட்டி, இரண்டும் ஓவை. சிமிலர் என்பதற்கு சிமிலாரிட்டி ஏவை. அனாலிசிஸ் என்பதற்கு அனலிட்டிகல் ஒய்யை. எக்ஸிஸ்டென்ஸ் ஈயா ஏயா என்றால் எக்ஸிஸ்டென்ஷியல், சப்ஸ்டன்ஸ் என்றால் சப்ஸ்டான்ஷியல். காம்ப்பெட்டிஷன் நடுவில் என்ன எழுத்து என்றால் கம்ப்பீட் என்னும் வினையில் ஈ நீண்டு ஒலிக்கிறது. செப்பரேட் என்னும் சொல்லுக்கு நேரான உறவு உதவவில்லையென்றாலும், ப்ரிப்பேர் அதே லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் என்பதால் பி-ஏ-ஆர் என்னும் மூன்று எழுத்தையும் அங்கிருந்து கடன் வாங்கலாம். உறவுச் சொற்களைச் சேர்த்துச் சேர்த்து எழுதி வைக்கும் இந்தப் பயிற்சி, ஷ்வாவுக்காகத் தொடங்கியது போய், எனக்குச் சொல்வளத்தையும் சேர்த்துத் தந்துகொண்டிருக்கிறது.

உறவினர் எல்லாரும் நம்பத் தக்கவர்களும் இல்லை. எக்ஸ்ப்ளெய்ன் என்னும் வினையில் ஏ-ஐ இருக்கிறது, எக்ஸ்ப்ளனேஷன் என்று பெயராகும்போது ஐ காணாமல் போய் ஏ மட்டும் நிற்கிறது. ரிப்பீட் என்பதில் ஈ-ஏ, ரெப்பிட்டிஷன் என்பதில் ஈ மட்டும். எல்லாவற்றிலும் மோசம் மெயின்டெய்ன்: அதன் கடைசி அசையில் உள்ள ஏ-ஐ, மெயின்டனன்ஸ் என்றாகும்போது ஈயாக மாறிவிடுகிறது, ஒலியோ வெறும் ஷ்வா. இந்த மூன்றையும் பார்த்தால், வினையில் இரட்டை உயிராக இருந்தது பெயரில் ஒற்றையாகக் குறையும் என்று ஒருவாறு சொல்லலாம், ஆனால் எந்த ஒற்றை என்பதைக் கண்ணால்தான் பழக வேண்டும்.

எந்த முறைக்கும் வசப்படாத கூட்டம் ஒன்று எஞ்சும். ரெலவன்ட், பெர்மனன்ட் போன்றவற்றின் ஈற்றில் ஏ-என்-டி-யா, ஈ-என்-டி-யா என்பது லத்தீன் வினையின் எந்த வகையிலிருந்து சொல் வந்தது என்பதைப் பொறுத்தது. பிரெஞ்சு வழியாக வந்தவற்றில் அதுவும் கலைந்துவிட்டது. பிறரைச் சார்ந்திருக்கும் என்ற பெயரடைக்கு டிப்பென்டென்ட் என்று ஈ எழுதும் பிரித்தானியர், சார்ந்திருப்பவர் என்ற பெயருக்கு ஏ எழுதுகிறார்கள், இரண்டும் வாயில் ஒன்றே. அமெரிக்கர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் ஈயையே எழுதிக் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். ஏபிள், இபிள் என்னும் ஈறுகளுக்கு, தனியே நிற்கக்கூடிய ஆங்கிலச் சொல்லோடு சேர்ந்தால் பெரும்பாலும் ஏ வரும் என்றொரு பொதுவழி உண்டு. ரீடபிள், கம்ஃபர்டபிள் எல்லாம் அதற்குப் பணிந்து நடக்கின்றன. ஃபிளெக்ஸிபிள் பணியாது, அதற்கு ஃபிளெக்ஸ் என்ற தனிச்சொல் இருந்தும் ஐதான். இந்தக் கூட்டத்துக்கென்று ஒரு சிறிய குறிப்பேடு வைத்து, வாய்க்கான உச்சரிப்பை விட்டுவிட்டுக் கைக்கான உச்சரிப்பை மட்டும் தமிழில் எழுதி வருகிறேன். ரெ-லெ-வான்ட், பெர்-மா-னென்ட், மெயின்-டெ-நான்ஸ், செ-மெ-டெ-ரி என்று அதில் உள்ளவற்றை உரக்கப் படித்தால் எந்த ஆங்கிலேயருக்கும் ஒரு சொல்கூட விளங்காது.